ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த கவுண்டி: லீட்ரிம் பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, கேரிக்-ஆன்-ஷானன்

டப்ளினிலிருந்து வடமேற்கே செல்லும் என்4 நெடுஞ்சாலை லாங்ஃபர்டு நகரைத் தாண்டியபின், ரூஸ்கி என்ற சிற்றூரை ஒட்டி லீட்ரிம் கவுண்டிக்குள் நுழைகிறது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. அயர்லாந்துக் குடியரசின் 26 கவுண்டிகளில் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்டது இது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் 35,199 பேர். பரப்பு ஏறத்தாழ 1,590 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 22 பேர்தான் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும்போது, தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் சற்று மலைப்பாகவே இருக்கும்.

ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது அந்த எண் அன்று. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இதே கவுண்டியில் 1,55,297 பேர் இருந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்பில் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் 81 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்திலும் புலம்பெயர்விலும் சரிந்த அந்தத் தொகை இப்போது மெல்ல ஏறி 70 லட்சத்தைத் தொட்டுவிட்டது. லீட்ரிமோ தன் பழைய தொகையில் நான்கில் ஒரு பங்கைக்கூட இன்னும் எட்டவில்லை. 1841க்குப் பின் 1996 வரை இங்கு எடுக்கப்பட்ட ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எண் முந்தையதைவிடக் குறைந்துகொண்டே வந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒருமுறைகூட ஏறாத எண் என்பது சாதாரண விஷயமன்று. அது ஏன் என்று தரையில் நின்று பார்க்கலாம் என்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

கேரிக், ஷானன் ஆற்றின் கரையில் உள்ள தலைமை ஊர். பாலத்தைக் கடந்தால் ராஸ்காமன் கவுண்டி. கோடைக்காலமாதலால் படகுத்துறை நிறைய வாடகைப் படகுகளும், டப்ளினிலிருந்து வார இறுதிக்கு வந்த இளைஞர் கூட்டமும். இந்த ஆரவாரத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் பழைய ஏழையர் விடுதிக் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். 1842இல் திறக்கப்பட்ட இந்த விடுதி 800 பேருக்கென்று கட்டப்பட்டது. ஆதரவற்றோர் உள்ளே வந்து தங்கி, வேலை செய்து, கஞ்சி குடித்து உயிர் பிழைக்கலாம் என்பது சட்டத்தின் ஏற்பாடு. ஆனால் உள்ளே வரத் தயங்க வேண்டும் என்பதற்காகவே வாழ்க்கையை வேண்டுமென்று கடுமையாக்கி வைத்திருந்தார்கள். கணவன் ஒரு பகுதி, மனைவி ஒரு பகுதி, பிள்ளைகள் ஒரு பகுதி என்று குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள்.

அயர்லாந்தின் ஏழையர் விடுதிகள் பெரும்பாலும் ஜார்ஜ் வில்கின்சன் என்ற ஒரே கட்டடக் கலைஞரின் வரைபடப்படி எழுந்தவை. படுக்கைக் கூடங்களில் கட்டில் கிடையாது. நடுவே ஆள் நடப்பதற்குப் பள்ளமான ஒரு பாதை, இருபுறமும் ஓரிரு சாண் உயரத்தில் நீளமான மரமேடை, அதன்மேல் வைக்கோல் அடைத்த மெத்தை. சுவருக்கு வெறும் சுண்ணாம்பு. இங்கே கூரைக்கு அடியில் இருக்கும் மாடி அறை ஒன்றைப் பஞ்ச நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். லீட்ரிமில் இத்தகைய விடுதிகள் மூன்று இருந்தன: இங்கே, மோஹிலில், மேனர்ஹாமில்டனில். பஞ்சத்தின் உச்சத்தில் மூன்றும் கொள்ளளவை மீறி நிரம்பின; கூட்ட நெரிசலில் பரவிய காய்ச்சல், பசியைவிட வேகமாக ஆட்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களைப் பெயரில்லாமல் ஒன்றாகப் புதைத்த இடம் அருகிலேயே இருக்கிறது.

அதே ஊரின் கடைத்தெருவில் காஸ்டெல்லோ நினைவுத் தேவாலயம் இருக்கிறது. எட்வர்ட் காஸ்டெல்லோ என்ற வணிகர் 1877இல் இறந்த தம் மனைவிக்காகக் கட்டியது. உள்ளே பத்துப் பேர் நின்றால் நெரிசல். வாசலுக்கு இருபுறமும் தரையில் பதிந்த குழிகளில், தடித்த கண்ணாடிக்கு அடியில், கணவன் மனைவி இருவரின் பெட்டிகளும் தெரிகின்றன. பயணிகள் அனைவரும் வந்து படமெடுப்பது இங்கேதான். ஒருவரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு பேருக்கான கல்லறைக்குக் கிடைக்கும் கவனம், நூற்றுக்கணக்கானோரின் புல்வெளிக்குக் கிடைக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

ஊர் எல்லையில், அயர்லாந்தின் மரபு விளையாட்டான கேலிக் கால்பந்துக்குரிய கவுண்டி மைதானம் இருக்கிறது. லீட்ரிம் அணி கொனாட் மாகாணப் பட்டத்தை வென்றது இருமுறை மட்டுமே: 1927, 1994. 2023இல் இந்த அணி நியூயார்க்குக்குச் சென்று, அங்கே குடியேறிய அயர்லாந்துக்காரர்களின் அணியோடு மோதி பெனால்டியில் தோற்றது. நியூயார்க் அணிக்குச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் அதுவே முதல் வெற்றி. ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு கவுண்டிக்கு இப்படியும் ஒரு தோல்வி வாய்த்தது.

ஞாயிறு, மோஹில்

தெற்கு லீட்ரிமின் நிலத்தைப் புரிந்துகொள்ளாமல் அதன் மக்கள்தொகையைப் புரிந்துகொள்ள முடியாது. பனியுகத்துப் பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண் மேடுகள், தட்டில் உப்பி நிற்கும் இட்லிகளைப் போல அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இவற்றை ட்ரம்லின் என்கிறார்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓர் ஏரியோ சதுப்போ. மண் நீரை உள்ளே விடாது. மழையோ ஓயாது. லீட்ரிம் நிலத்தை ஏக்கர் கணக்கில் அல்ல, காலன் கணக்கில்தான் விற்பார்கள் என்று அண்டைக் கவுண்டிக்காரர்கள் கேலி செய்வதுண்டு. வேலியோரம் இறங்கிப் புல்லில் நான்கு அடி வைத்ததும் காலணிக்குள் தண்ணீர் ஏறியது. அதுவும் மூன்று நாள் மழையில்லாமல் இருந்தபின்.

இப்படிப்பட்ட மண்ணில் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 98 பேர் எப்படி வாழ்ந்தார்கள்? உருளைக்கிழங்கால்தான். ஈரமான, சத்தில்லாத மண்ணிலும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் பெரும்பகுதிக்குச் சாப்பாடு தரக்கூடிய பயிர் அது ஒன்றே. அதோடு வீட்டுப் பெண்கள் ஆளி நார் நூற்று விற்ற காசு குத்தகைக்குப் போயிற்று. 1795இல் அர்மா பகுதியில் மூண்ட மதக் கலவரத்திலிருந்து தப்பி வந்த கத்தோலிக்கக் குடும்பங்களும் இங்கே குடியேறின. குத்தகை நிலத்தைத் தந்தை பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார்கள். பிறகு பெல்ஃபாஸ்ட் பக்கம் நூற்பாலைகள் வந்து கைநூலின் விலையை விழுத்தாட்டின. ஆக, 1845இல் கிழங்கில் பூஞ்சை நோய் விழுந்தபோது, பல குடும்பங்களிடம் மிச்சமிருந்தது துண்டு நிலமும் அதிலிருந்த அழுகிய கிழங்கும்தான்.

1847இல் வந்த சட்டம் ஒன்று, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அதை விட்டுக்கொடுத்தால்தான் நிவாரணம் பெறலாம் என்றது. நிலத்தை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதா, விட்டுவிட்டு விடுதிக்குள் போவதா என்பதே அன்று பலர் முன்னிருந்த கேள்வி. 1851இல் கணக்கெடுத்தபோது லீட்ரிமின் தொகை 1,11,000ஐச் சற்றே தாண்டி நின்றது. பத்தாண்டில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இல்லை.

மோஹிலுக்குத் தெற்கே ரின் ஏரிக்கரையில் க்ளெமென்ட்ஸ் குடும்பத்தின் மாளிகை இருக்கிறது; இன்று அது திருமண விருந்துகள் நடக்கும் ஹோட்டல். இந்தக் குடும்பத்தின் மூன்றாவது லீட்ரிம் பிரபு, வில்லியம் சிட்னி க்ளெமென்ட்ஸ், குத்தகையாளர்களை இரக்கமின்றி வெளியேற்றியதில் பேர்போனவர். 1878 ஏப்ரல் 2ஆம் தேதி, டோனிகல் கவுண்டியிலுள்ள தம் பண்ணைக்கருகே மறைந்திருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹோட்டல் வரவேற்பறையில் இந்தக் கதையைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அறைக்கட்டணம் மட்டும் பிரபு காலத்துக் குத்தகையை நினைவூட்டியது.

நிலக்கிழாரே காரணம் என்று கதையை முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1903ஆம் ஆண்டு நிலச் சட்டத்துக்குப் பின் உழுதவர்களே மளமளவென்று நில உடைமையாளர்களான காலத்திலும் எண் குறைவது நிற்கவில்லை. பஞ்சம் கற்றுத்தந்த பாடம், நிலத்தைப் பங்கிடாதே என்பது. ஆகவே ஒரு மகனுக்கு மட்டும் பண்ணை. ஒரு மகளுக்குச் சீர். மற்றவர்களுக்குக் கப்பல் டிக்கெட். பண்ணை பெற்ற மகனும் தாய் தந்தை கண்ணை மூடும்வரை காத்திருந்து, நாற்பதைத் தாண்டித் திருமணம் செய்தான். அல்லது செய்யவே இல்லை. 1901இல் 69,343, 1911இல் 63,582. இந்த எண்களுக்குப் பின்னால் கொலையோ கொள்ளைநோயோ இல்லை. வீட்டுக்கு வீடு எடுக்கப்பட்ட, நியாயமான, தனித்தனி முடிவுகளே இருக்கின்றன.

திங்கள், பாலினமோர்

இன்று நாள் முழுக்க மழை. 1887இல் திறக்கப்பட்ட கேவன்-லீட்ரிம் குறுகிய பாதை ரயிலுக்கு நடுச்சந்திப்பு பாலினமோர்தான். ட்ரோமோடிலிருந்து மோஹில் வழியாக பெல்டர்பெட் வரை ஒரு பாதை. இங்கிருந்து அரிக்னா நிலக்கரிச் சுரங்கங்களை நோக்கி ஒரு கிளை. மூன்றடி அகலப் பாதையில் அந்த ரயிலைக் கடைசிக் காலத்தில் உயிரோடு வைத்திருந்தது நிலக்கரிச் சுமையே. 1958இல் ஆலன் ஏரிக்கரையில் மின்நிலையம் வந்து கரியை அங்கேயே எரிக்கத் தொடங்கியதும், ரயிலுக்குச் சுமை இல்லாமல் போய் 1959 மார்ச் மாதத்தோடு நின்றது. சுரங்கமும் மின்நிலையமும் 1990இல் மூடப்பட்டன. வேலை தந்த ஒன்று வேலை தந்த மற்றொன்றை விழுங்கி, பிறகு தானும் மறைந்தது. கால்வாயின் கதை இதற்கு நேர்மாறு: பஞ்சக் காலத்தில் வெட்டத் தொடங்கி, படகுகள் அதிகம் வராமல் 1869இல் கைவிடப்பட்ட பாலினமோர் கால்வாய், 1994இல் ஷானன்-எர்ன் நீர்வழியாகப் புதுப்பிக்கப்பட்டு, இன்று வட அயர்லாந்து எல்லைக்கு இருபுறமும் உல்லாசப் படகுகளைக் கொண்டுசெல்கிறது.

மாலையில் எஃபர்னா பக்கம் போனேன். ஜிம்மி கிரால்டன் பிறந்த பகுதி அது. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இளைஞர்கள் ஆடவும் படிக்கவும் ஒரு கூடம் கட்டிய இடதுசாரி அவர். பாதிரிமாரும் அரசும் அவரைப் பொறுக்கவில்லை. கூடம் எரிந்தது. 1933இல், அமெரிக்கக் குடியுரிமை வைத்திருந்தார் என்ற காரணத்தைக் காட்டி, சொந்த நாட்டு அரசே அவரை நியூயார்க்குக்குக் கப்பலேற்றியது. பிறகு அவர் திரும்பவேயில்லை. ஆயிரமாயிரம் பேர் தாமாகவே வெளியேறிக்கொண்டிருந்த ஒரு கவுண்டியிலிருந்து, தங்க விரும்பிய ஒருவரைத் தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். 2016இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவர் வந்து அவருக்கு நினைவுச்சின்னம் திறந்துவைத்தார்.

இதை எழுதும்போது 2019ஐயும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த அக்டோபரில் அகதி விண்ணப்பதாரர்களைப் பாலினமோரின் காலிக் குடியிருப்பு ஒன்றில் தங்கவைக்க அரசு முடிவெடுத்தபோது, ஊர் மக்களில் ஒரு பகுதியினர் வாசலில் இரவும் பகலும் காவலிருந்து எதிர்த்தார்கள். மருத்துவ வசதியும் பள்ளி இடமும் போதாது, எங்களைக் கலந்து பேசவில்லை என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் இன்று நான் தேநீர் அருந்திய கடையில், காய்கறி வெட்டுபவர் முதல் கல்லாவில் இருப்பவர் வரை வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களே. இவர்கள் இல்லாவிட்டால் கடைத்தெருவில் பாதி மூடிக்கிடக்கும் என்று கடைக்காரரே சொன்னார்.

செவ்வாய், மேனர்ஹாமில்டனும் கில்டிக்லாஹரும்

ஆலன் ஏரி இந்தக் கவுண்டியை ஏறக்குறைய இரண்டாக வெட்டுகிறது. வடபகுதி வேறொரு நிலம்: தட்டையான தலையுடைய சுண்ணாம்புக்கல் மலைகள், ஆழமான பள்ளத்தாக்குகள். மேனர்ஹாமில்டன் என்ற பெயரே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு இங்கே குடியேற்றிய ஃப்ரெடெரிக் ஹாமில்டனுடையது. அதற்கு முன் இது ஓ'ரூர்க் மரபினரின் நாடு. 1588இல் ஸ்பானியப் போர்க்கப்பல்கள் ஸ்லைகோ கடற்கரையில் உடைந்தபோது, தப்பிய வீரர்களுக்கு அடைக்கலம் தந்தவர் பிரையன் ஓ'ரூர்க். அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்து 1591இல் லண்டனில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் குடும்பத்தினர் 1508இல் நிறுவிய பிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடு ட்ரோமஹேரில் இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் அங்கே கழித்தேன்.

மேனர்ஹாமில்டனுக்கு எல்லை செய்தது என்ன என்பதை அதன் ரயிலே சொல்லும். எனிஸ்கில்லனிலிருந்து ஸ்லைகோவை நோக்கி வந்த ரயில் நிறுவனத்தின் பணிமனை இந்த ஊரில்தான் இருந்தது. லீட்ரிமின் மாடுகள் சந்தையிலிருந்து ரயிலேறி, எனிஸ்கில்லன் வழியாகத் துறைமுகங்களுக்குப் போகும். 1921இல் தீவு பிரிக்கப்பட்டு, வட அயர்லாந்து மட்டும் ஐக்கிய இராச்சியத்தோடு தங்கி, 1923 ஏப்ரல் முதல் சுங்கச் சாவடிகள் எழுந்தபோது, இந்த ஊரின் இயல்பான சந்தையான எனிஸ்கில்லன் வேறு அரசின் நகராகிவிட்டது. தட்டுத் தடுமாறி ஓடிய ரயில், வட அயர்லாந்து அரசு எனிஸ்கில்லனுக்கான தன் பாதைகளை மூடியதும் 1957இல் தானும் நின்றது. அந்த முடிவை எடுத்த அவையில் லீட்ரிமுக்கு ஓர் உறுப்பினர்கூட இருந்திருக்க முடியாது.

கில்டிக்லாஹர் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர். நடுவே சதுக்கம், அதில் ஷான் மக்டீர்மடாவின் சிலை. 1883இல் இந்த ஊருக்கு அருகே பிறந்து, கிளாஸ்கோவுக்குத் தோட்டவேலைக்கும், பெல்ஃபாஸ்டுக்கு டிராம் நடத்துநர் வேலைக்கும் போனவர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் குடியரசுப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட எழுவரில் ஒருவராகி, மே 12ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். கூரை வேய்ந்த அவருடைய மூன்று அறை வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அடுப்பும் நாற்காலியும், வெளியே வயலும் இருக்கின்றன. எல்லை நடை தூரம். அவர் கையெழுத்திட்ட குடியரசு தீவு முழுவதற்குமானது. கிடைத்த குடியரசோ அவர் வீட்டுக்கு அப்பால் சில வயல்களோடு முடிந்துபோனது.

எல்லையை நடந்தே கடந்தேன். சாவடி இல்லை, பலகைகூட இல்லை. சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகிறது. வேக எல்லை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுகிறது. கைப்பேசி ஐக்கிய இராச்சியத்துக்கு வரவேற்கிறது. எல்லைக்கு இப்பால் நாயோடு நடந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், வட அயர்லாந்தில் ஆயுத மோதல் நடந்த 1970களில் பிரிட்டிஷ் ராணுவம் இத்தகைய சிறு சாலைகளைக் குண்டு வைத்துப் பிளந்து, கான்கிரீட் கட்டைகளால் அடைத்ததை விவரித்தார். உள்ளூர்க்காரர்கள் கல்லும் மண்ணும் கொட்டிப் பள்ளத்தை நிரப்புவார்கள். சில நாளில் மீண்டும் வெடிக்கும். கண்ணெதிரே தெரியும் உறவினர் வீட்டுக்குப் போக, அனுமதிக்கப்பட்ட சாவடி வழியாக நெடுந்தூரம் சுற்ற வேண்டும். "திருமணங்கள் குறைந்தன" என்றார் அவர், அதுதான் முக்கியமான இழப்பு என்பதுபோல. சுங்கச் சோதனை 1993இல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்தபோது ஒழிந்தது; 1994 போர்நிறுத்தத்துக்குப் பின் சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆக, எல்லைதான் லீட்ரிமைக் காலி செய்ததா? உள்ளூரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இரவு விடுதியறையில் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1841க்கும் 1996க்கும் இடையே கவுண்டி இழந்தது 1,30,240 பேரை. அதில் 91,715 பேர் 1911க்குள், அதாவது எல்லை என்ற பேச்சே எழுவதற்கு முன்பே குறைந்துவிட்டார்கள். பத்தில் ஏழு பங்கு. எஞ்சிய மூன்று பங்கை எல்லையின் கணக்கில் முழுதாக எழுதுவதும் நியாயமில்லை. எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் மோஹில் பக்கத்துப் பண்ணைகளும் அதே காலத்தில் காலியாயின. 1951இல் 41,209 ஆக இருந்தது 1961இல் 33,470 ஆனது. அந்தப் பத்தாண்டில் இங்கிலாந்தின் கட்டட வேலைகள் நாடு முழுவதிலிருந்தும் ஆட்களை இழுத்துக்கொண்டன. என் கணிப்பில், எல்லை செய்த கேடு வேறு: நோயாளியைத் தாக்கியது அதுவன்று, எழுந்து உட்காரவிடாமல் செய்தது அது. சந்தையும் ரயிலும் சாலையும் அறுந்த ஒரு பகுதியில் எந்தத் தொழிலும் வந்து கடை விரிக்கவில்லை. 2017இல் கில்டிக்லாஹர் மக்கள், தங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைந்ததால், குடும்பங்களே வந்து குடியேறுங்கள் என்று வெளியூர்க்காரர்களை வெளிப்படையாக அழைக்கும் நிலை வந்ததும் அதனால்தான்.

புதன், டல்லஹன்

கவுண்டியின் வடமுனையில் லீட்ரிமுக்குக் கடற்கரை உண்டு. ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. அயர்லாந்தில் கடலைத் தொடும் கவுண்டிகளில் இதுவே மிகக் குறைவு. கூழாங்கல் கரை, பலமான காற்று, பார்த்தாயிற்று.

வழியெல்லாம் பார்த்ததுதான் முக்கியம். 1996இல் 25,057 ஆக அடிமட்டத்தைத் தொட்டபின் எண் ஏறத் தொடங்கியது: 2006இல் 28,950, 2011இல் 31,798. காரணங்களில் ஒன்று, 1998இல் மேல் ஷானன் பகுதிக்கு அரசு அறிவித்த வரிச்சலுகை. வீடு கட்டினால் வரி குறையும் என்றதும், ஆள் இல்லாத ஊர்களில்கூட வரிசை வீடுகள் எழுந்தன. 2008இல் பொருளாதாரம் சரிந்தது. 2011 கணக்கெடுப்பில், விடுமுறை வீடுகளையும் சேர்த்து, லீட்ரிமின் வீடுகளில் 30.5 விழுக்காடு காலி, நாட்டிலேயே அதிகம். சலுகை தந்தவர்கள் வீட்டைக் கணக்கிட்டார்களே தவிர, அதில் குடியிருக்க யார், என்ன வேலை என்று கணக்கிடவில்லை. ஆனாலும் அந்த மலிவான வீடுகள் இருந்ததால்தான், பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது, டப்ளின் வாடகை கட்ட முடியாதவர்கள் வந்து சேர இடம் இருந்தது. அவர்களுக்கு முன்பே, 1970களிலிருந்து, மலிவான பழைய பண்ணை வீடுகளைத் தேடி வந்த ஆங்கிலேய, டச்சு, ஜெர்மானியக் கலைஞர்களும் இயற்கை விவசாயிகளும் வடபகுதியில் இருக்கிறார்கள். முப்பது ஆண்டு வாழ்ந்தாலும் உள்ளூர்ப் பேச்சில் அவர்கள் 'ப்ளோ-இன்', அதாவது காற்றில் அடித்து வந்தவர்கள்தான். 2017இல், நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் ஃப்ராக்கிங் முறையை நாடு தழுவித் தடைசெய்ய வைத்த போராட்டத்தில், பழைய குடிகளும் இவர்களும் ஒன்றாக நின்றார்கள்.

இப்போதைய சண்டை மரத்தோடு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் இந்த ஈர மண்ணில் மிக வேகமாக வளர்கிறது. நடுவதற்கு அரசு மானியமும் ஆண்டுத் தொகையும் உண்டு. கவுண்டியின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இன்று காடு. விகித அளவில் நாட்டிலேயே அதிகம். சாலைகளிலிருந்து பார்த்தால் இருபுறமும் இருட்டான ஊசியிலைச் சுவர். நடுவில் ஒரு வீடு; அதன் மூன்று பக்கமும் மரம். வாரிசு வெளிநாட்டில் இருக்கும்போது வயதான விவசாயி வேறென்ன செய்வார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் ஒருமுறை மரம் நட்ட நிலத்துக்கு மீண்டும் மரமே நட வேண்டும் என்பது சட்டம். அங்கே இனி ஒரு குடும்பம் வந்து அடுப்பு மூட்டப் போவதில்லை.

அடுத்த கணக்கெடுப்பு 2027இல். 35,199 என்ற எண் ஏறினால், அந்த ஏற்றம் கேரிக்கைச் சுற்றிய பகுதியில் நின்றுவிட்டதா, கில்டிக்லாஹர் வரை போயிற்றா என்று ஊர்வாரி அட்டவணையில் பார்க்க வேண்டும். போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டப்ளின்-ஸ்லைகோ ரயில் கேரிக்கில் நிற்கும், ஆனால் வடபகுதிக்கும் எல்லைக்கும் பேருந்துகள் மிகக் குறைவு. கார் அவசியம், மழைக்கோட்டு அதைவிட அவசியம்.